பிரேக் ஆயிலில் காற்று

அந்தப் பழைய காரின் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகி, பிரேக் ஆயில் முழுக்க வடிந்துபோயிருந்தது. கந்தவேல் புதியதை வாங்கிவந்து தானே மாட்டி, புது ஆயிலும் ஊற்றினார். இனி குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். அவர் மனைவி மரகதம் தானாகவே வந்து உட்கார்ந்தாள். மகன் காய்ச்சலில் போனதிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. சோற்றுத் தட்டைக்கூட மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

“மிதி,” என்றார், சக்கரத்தருகே படுத்திருந்த கந்தவேல்.

“மிதிச்சுட்டனுங்க.”

சக்கரத்தின் உள்பக்கம் காற்று வெளியேறுவதற்காக இருந்த திருகை ஸ்பேனரால் தளர்த்தினார். ஆயிலோடு குமிழிகள் திருகில் மாட்டிய சிறு குழாய் வழியே பாட்டிலில் இறங்கின. திருகை இறுக்கினார்.

“உடு.”

“உட்டுட்டனுங்க.”

ஒவ்வொரு சக்கரமாக முடிந்தது. கடைசிச் சக்கரத்தில் குமிழிகள் நின்று ஆயில் மட்டும் வந்தது. மரகதத்தின் காலுக்கடியில் பெடல் கெட்டியாக நின்றது. வேலை முடிந்துவிட்டதென்று அவளுக்கும் தெரிந்தது. இறங்கவில்லை.

கந்தவேல் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். வெறும் கையோடு அப்படியே படுத்திருந்தார்.

“மிதி,” என்றார்.

“மிதிச்சுட்டனுங்க.”