அடிக்கணக்கு

இந்தக் கதையை முதலில் சொன்னவர் புவியியல் ஆசிரியை சவரியம்மாள்.

பருவத்துக்கு முன்பே பனி பெய்துவிட்ட செங்குத்து மலைப்பாதையில், அந்திக்குள் உச்சியிலிருந்த தன் குட்டியிடம் சேர்ந்தே தீருவதென்று ஏறியது வெள்ளாடு. வழியில் நெஞ்சளவுப் பனி மறித்தது.

"என் தடத்திலேயே மிதித்து வா, தங்கச்சி" என்று முன்னே நடந்தது, மூட்டையோடு அவ்வழியே ஏறிவந்த கோவேறு கழுதை.

"கடனாகத்தான் வருவேன், அண்ணே. அடிகளை எண்ணிக்கொள்ளுங்கள், அத்தனை அடி பிறகு நான் முன்னே நடந்து தீர்ப்பேன்."

"எண்ணத் தெரிந்தால் நான் ஏன் மூட்டை சுமக்கிறேன்?"

ஆடே எண்ணியது.

உச்சிக்குச் சற்றுக் கீழே, உறைந்த பாறையில் கழுதைக்குக் கால் வழுக்கியது. மேலே குட்டி கத்தியது. ஆயினும் ஆடு விட்டுப் போகவில்லை. "இனி என் தடம்" என்று பிடிமானம் பார்த்துக் குளம்பூன்றி முன்னேறியது.

உச்சியில் குட்டி ஓடிவந்து மடியை முட்டியது.

"பொறு கண்ணே, இன்னும் ஒன்பது" என்ற ஆடு, கழுதை சிரித்தபடி பின்தொடர, சமதரையில் நடந்து கடனைத் தீர்த்தது. சரியாக இருநூற்றுப் பதினான்கு அடி.