புஜத்தைச் சுற்றிய டேப்பு

தேகப்பயிற்சிக் கூடத்தின் தகரக் கூரை ஓட்டை வழியாகச் சாயங்கால வெயில் தருமனின் புஜத்தின்மேல் விழுகிறது. அவனுடைய கூட்டாளி ஜெகநாதன், தையல் கடையில் கேட்டு வாங்கி வந்த டேப்பை அதில் சுற்றி இழுக்கிறான். அளவு போன மாசத்தைவிடக் குறைந்திருக்கிறது. பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டேயிருக்கிறது. களம்பூர் மில்லில் பகலெல்லாம் நெல் மூட்டை சுமக்கிற தருமனை, கம்பியில் எடையைக் குறைத்து, தூக்கும் தடவையைக் கூட்டி, கை ஓயும்வரை தூக்கவைத்தவன் ஜெகநாதன்தான். அடுத்த வாரம் வேலூரில் ஆணழகன் போட்டி. "மூட்ட தூக்கறவனுக்கு இவ்ளோ எதுக்குப்பா? வெயிட்ட ஏத்தி நாலு தடவ தூக்கிட்டு, வூட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லு," என்று கூடத்தை நடத்தும் பழனி நேற்றுகூடச் சொன்னார். ஜெகநாதன் சிரித்து மழுப்பிவிட்டான். இப்போது கட்டைவிரலால் எண்ணை மறைத்துக்கொண்டு, டேப்பைக் கொஞ்சம் தளர்த்துகிறான். "எவ்ளோ கீது?" என்று தருமன் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்கிறான். அவன் கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது. கழுத்து வியர்வையில் உமி ஒட்டியிருக்கிறது. "ஏறிகினுதான்டா கீது," என்கிறான் ஜெகநாதன். சொன்ன கையோடு டேப்பை அவசரமாகச் சுருட்டுகிறான். தருமனின் முகம் மலர்கிறது. "எல்லாம் உன்னாலதான்டா. அப்போ இன்னொரு செட்டு போடறேன், எண்ணு," என்று குனிந்து கம்பியைப் பிடிக்கிறான். வேண்டாம் என்ற சொல் ஜெகநாதனின் வாய்வரை வருகிறது. தருமனின் முழங்கைகள் நடுங்க, கம்பி மெல்ல மேலே எழுகிறது. "ஒண்ணு," என்கிறான் ஜெகநாதன்.