உலகத்து எமன்கள்

பேராசிரியர் உலகத்து மரண தெய்வங்களைப் பற்றி எட்டுத் தொகுதி எழுதியவர். அது தெரியாமல் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் ஊழியர். இருபது நிமிடமாக வகுப்பு நடக்கிறது.

"எகிப்துல செத்தவன் இதயத்தைத் தராசுல வச்சு, ஒரு இறகோட நிறுத்துப் பார்ப்பாங்க. மெக்சிகோவுல நாய்தான் ஆத்தைக் கடத்திவிடும்."

"நாயா? என்னைக் கண்டா எல்லா நாயும் குரைக்கும் சார். நான் இந்தக் கரையிலேயே நிக்க வேண்டியதுதான்."

பேராசிரியர் சிரிக்கவில்லை. "அதை மூணாவது தொகுதியில விளக்கியிருக்கேன்."

"சரி சார். வெளியில உங்க மக காத்துக்கிட்டிருக்காங்க. உங்க வீட்டம்மா முகத்தைப் பார்த்து, அவங்கதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா அனுப்பிடலாம்."

பிணவறை ஊழியர் வெள்ளைத் துணியின் நுனியைப் பிடித்தார்.

"இருப்பா! இன்னும் ஒருத்தர் பாக்கி. கிரேக்கத்துல, செத்துப்போன பொண்டாட்டியைப் புருஷன்கூடத் திருப்பி அனுப்பினவர்."

"அப்படியும் ஒரு சாமியா?"

"ஒரே நிபந்தனைதான். வெளியே போய்ச் சேர்ற வரைக்கும் அவன் அவ முகத்தைப் பார்க்கக் கூடாது."

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

ஊழியர் துணியை விட்டுவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார்."