பாய்மரக் கப்பலில் வந்த மகள்

பட்டம் வாங்கும் மாணவர்கள் பூமிக்காக ஒரு சத்தியம் செய்வது அப்போது வழக்கமாகியிருந்தது. ஜெர்மனியில் படித்த பிரிஸ்கா, புகை கக்கும் விமானத்தில் வாழ்நாள் முழுக்க ஏறுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள். அதையே தன் பிறவிப் பயனாகவும் நினைத்தாள்.

தூத்துக்குடியில் அம்மா ரெஜினாவுக்கு இதய ஆபரேஷன் என்றதும் அவள் போனில் உடைந்துபோனாள்.

"பாய்மரக் கப்பல்ல வர ரெண்டு மாசம் ஆகும்மா. சத்தியமாவது ஒண்ணாவது, பிளேன்ல வந்துடுறேன்."

ரெஜினாவுக்கு 'வா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மகள் பேச்சைக் கேட்டு எத்தனையோ பிள்ளைகள் பறப்பதை விட்டிருந்தார்கள். அவளே விமானம் ஏறினால் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பாள்?

"ஆபரேஷனைத் தள்ளி வச்சிட்டாங்கட்டி. நீ கப்பல்லயே வா," என்று பொய் சொன்னாள். மறுநாள் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தாள்.

கப்பல் துறைமுகம் சேர்ந்த அன்று, அம்மாவைக் கட்டிக்கொண்ட பிரிஸ்காவின் கண்ணில் நெஞ்சுத் தழும்பு பட்டது.

"தனியாவா போன?"

"அந்தோணியம்மா கூட இருந்தாள்லா."

"நான் இருந்திருக்கணும்மா!" பிரிஸ்கா தன் பையின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். "சத்தியம் என்னோடது. அதைக் காப்பாத்துறதா உடைக்கிறதான்னு நான்தானே முடிவு பண்ணணும்? நான் பாக்காமலே நீ போயிருந்தா, அப்புறம் எனக்கு எதுக்கும்மா அது?"

இந்தக் கோணத்தில் ரெஜினா யோசித்ததே இல்லை. குனிய முடியாமல் நின்றபடியே மகளின் தலைமேல் கை வைத்தாள்.

"இனிமே ஒங்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன்ட்டி," என்றாள்.