ஆற்றில் விட்ட சேலை

“செத்தவங்க சேலய வீட்டுல வச்சா...” என்னமோ ஆகும் என்று பெரியப்பா சொன்னார். என்ன ஆகும் என்பது மந்திரமூர்த்திக்கு மறந்துவிட்டது. மார்கழிக் குளிரில், பதினாறாம் நாள், பாபநாசம் படித்துறையில் நின்று அம்மாவின் அரக்குச் சேலையை ஆற்றில் விட்டது மட்டும் மறக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, இப்போது அந்தச் சேலை அம்பாசமுத்திரத்தில் ஒரு மேடையில் ஆடிக்கொண்டிருந்தது.

“ஏலே, அது அம்மா சேலல்லா!” அக்கா இசக்கியம்மாள் அவர் தொடையில் குத்தினாள். பேத்தியின் கோலாட்டம் பார்க்கத் தம்பியையும் கூட்டி வந்திருந்தாள்.

அம்மா சேலைதான். மேடையில் இருந்த பெண் அரைமண்டியில் அமரும்போதெல்லாம் பரத உடுப்பின் அரக்கு விசிறி மடிப்பு விரிந்தது. நட்டநடுவில் நீல ஒட்டு. பள்ளிக்கூட வயதில் அவர் இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பொசுக்கிய இடம். அம்மா தன் பழைய ரவிக்கையை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தாள்.

மைக்கில் ஒருவர் சொன்னார்: “நம்ம முப்பிடாதி போட்டிருக்கிற உடுப்பு அத்தனையும் தாமிரபரணியில கிடந்த துணி. ஆத்தைக் காப்பாத்தணும்னு அவங்க ஆடுற நாப்பதாவது மேடை இது!”

கைதட்டல்.

“எழவுத் துணியப் பொறுக்கி உடுத்திட்டு ஆடுதா, இதுக்குக் கைதட்டு வேற. வெக்கங்கெட்ட மூதி!”

“பைய பேசுக்கா.”

“நீ என்னலே ஆம்பிள? போயி கேளு. பெத்தவ சேலய ஊரு பாக்க ஆட்டுதா, நீ பாத்துட்டு இருக்க. அத வாங்காம நான் வீட்டுக்கு வரமாட்டேன்.”

ஆட்டம் முடிந்ததும் இருவரும் மேடைக்குப் பின்னால் போனார்கள். முப்பிடாதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். கணுக்கால் வீங்கியிருந்தது.

அக்காதான் முந்திக்கொண்டாள். “ஏட்டி, ஒரு துணி எடுக்க வக்கில்லாமலா அடுத்தவங்க ஆத்துல விட்டத எடுத்து உடுத்துத?”

முப்பிடாதிக்குக் கோபம் வரவில்லை. பழகிய ஏச்சு போல.

“பாவாடை, தாவணியெல்லாம் நான் முங்கி எடுத்த துணிதான், பெரியம்மா. விசிறி மட்டும் நான் எடுக்கல.”

“பின்ன ஆரு எடுத்தா?”

“தீயணைப்புக்காரங்க.”

அக்கா தம்பியைப் பார்த்தாள்.

“என் தங்கச்சி தனலட்சுமி கால்ல சுத்தியிருந்திச்சு. மூணு வருசத்துக்கு முந்தி, தை மாசம், ரெண்டு பேரும் குளிக்கப் போனோம். எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்ததே அவதான். ரெண்டு பேரும் சோடியாத்தான் ஆடுவோம். உள்ள முங்கினா, எந்திரிக்கல. முழங்காலுக்குக் கீழ ஏழு சுத்து. அவுக்க முடியாம அறுத்துத்தான் எடுத்தாங்க. மிச்சத்த விசிறியாத் தச்சுட்டேன்.”

ஒரு கால் சலங்கையைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

மந்திரமூர்த்தி கேட்டார்: “அத... எதுக்கும்மா உடுத்திட்டு ஆடுத?”

“ஆராவது ‘எங்க வீட்டுச் சேல’ன்னு வருவாங்கன்னுதான், அண்ணாச்சி. இந்தக் கரையிலதான எங்கனயாவது இருப்பாங்க. நாப்பது மேடை ஆயிட்டு. ஒருத்தரும் வரல.”

“வந்தா?”

“மொதல்ல நல்லா நாலு வார்த்த வையணும்னு நெனச்சிருந்தேன். இப்ப அதுகூட இல்ல. எங்கம்மா முன்னால கூட்டிட்டுப் போயி நிறுத்தணும். அவ்வளவுதான். ஆருன்னு தெரியாம அவ தெனமும் வாசல்ல மண்ண வாரித் தூத்திச் சாபம் விடுதா.”

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க எதுக்கு வந்தீங்க? உங்க வீட்டுச் சேலயா?”

“இல்லட்டி, இல்ல.” அக்கா அவசரமாகச் சொன்னாள். “எங்களுது பச்சச் சேல. வெளிச்சத்துல தப்பாத் தெரிஞ்சிட்டு. நீ வாலே, பஸ்ஸு போயிரும்.”

அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காதுக்குள் சொன்னாள்: “வாயத் தொறந்த, கொன்னுருவேன். நமக்கும் பிள்ளகுட்டி இருக்கு.”

முப்பிடாதி மறுபடியும் குனிந்து அடுத்த காலின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

மந்திரமூர்த்தி தன் பெயரையும் ஊரையும் சொல்லி, அவள் அம்மா இருக்கும் வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார்.