பச்சைத் தாள்

பெண் பார்க்க வந்தவர்களின் மணிக்கட்டு விளக்குகள் பச்சையாக எரிந்தன. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அவை சிவக்கும், இறங்கினால் நீலமாகும். நறுமுகையின் விளக்கு மேல் மட்டும், எந்நேரமும் பச்சையே காட்டும் தாளை அம்மா ஒட்டிவிட்டிருந்தாள்.

கேசரித் தட்டை நீட்டியபோது நறுமுகையின் கை நடுங்கியது. நெற்றி வியர்த்துக் கொட்டியது.

"பொண்ணுக்கு வெக்கத்தைப் பாரேன்!" என்று மாப்பிள்ளையின் அத்தை சிரித்தாள்.

காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டவளை, அலங்காரம் கலைந்துவிடும் என்று அம்மா சாப்பிட விடவில்லை. இப்போது கண் இருட்டியது. சமையலறை வாசலில் நின்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள்: கொஞ்ச நேரம் பொறுத்துக்கோடி.

நறுமுகை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்கு நீட்டிய கேசரியை அள்ளி அள்ளித் தின்றாள். பிறகு தாளை உரித்தாள். நீலம் பளிச்சென்று அடித்தது.

"ஐயையோ, சர்க்கரை வியாதியா? அப்புறம் ஏன் இனிப்பைத் திங்குற?" அத்தை எழுந்தேவிட்டாள்.

"சர்க்கரை இறங்கினா இனிப்புதான் மருந்து. ஏழு வயசுலேருந்து இப்படித்தான் உயிரோட இருக்கேன்."

நீலம் மெல்லப் பச்சையானது. நறுமுகை எழுந்து, இன்னொரு தட்டை நடுங்காமல் அத்தையிடம் நீட்டினாள்.

"இப்பப் பாருங்க அத்தை, வெக்கம் போயிடுச்சு."