லேவியராகமத்தில் மாட்டிக்கொண்ட நாடா

ஜெயசீலி டீச்சர் வருஷா வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி பைபிளை ஆதியாகமத்திலிருந்து தொடங்குவார். பிப்ரவரியில் லேவியராகமம் பதினாலாம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுவார். எட்டு வருஷமாக, மிச்ச மாசமெல்லாம் அந்தப் பக்கத்திலேயே அடையாளமாகக் கிடந்த சிவப்பு நாடாவுக்கு அந்த அதிகாரம் தலைகீழ்ப் பாடம். சுவரில் பச்சை பூத்தால் அது வீட்டுக்கு வந்த குஷ்டம் என்று அதில் இருந்தது.

ஒருநாள் நாடா நுனியை நீட்டி வெளியே பார்த்தது. சுவரில் பச்சையாக ஒரு திட்டு!

"கடிகார அண்ணாச்சி! வீட்டுக்குக் குஷ்டம்! எல்லாரும் வெளியே போய், ஏழு நாள் வீட்டை அடைச்சுப் போடணும்!"

"ஏழு நாளா? டீச்சருக்குக் காலையில டியூஷன், சாயங்காலம் பாடகர் குழு, அப்புறம் சீரியல். ஏழு நிமிஷத்துக்கே என்கிட்ட இடமில்ல, போடா."

"வீட்டை அடைச்சா, அவங்க பைபிளோட வாசல்ல சும்மாதானே உட்காரணும்? பதினஞ்சாம் அதிகாரத்தை நான் கண்ணால பார்த்துடுவேனே!"

அப்போது டீச்சர் வந்தார். திட்டைப் பார்த்து முகம் சுளித்தார். ஆணி அடித்து, திட்டு மறையும்படி கண்ணாடி போட்ட ஒரு படத்தை மாட்டினார்: 'இந்த வீட்டில் ஆண்டவருக்கே முதலிடம்.' ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

நாடா தன் அதிகாரத்தில் இரண்டு தரம் தேடியது. குஷ்டத்தின்மேல் படம் மாட்டினால் என்ன செய்வதென்று அதில் ஒரு வரிகூட இல்லை.

"அடுத்த அதிகாரத்துல இருக்குமோ, அண்ணாச்சி?"